மங்கலம் எனப்படுவது யாது?

(திருவிளக்கு வழிபாட்டு நாளன்று திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்.



இன்று மாலை இம்மண்டபம் முழுவதும் விளக்குகளால் நிறைந்திருக்கின்றது. ஒவ்வொரு விளக்கின் முன்னும் ஒரு தாய் அமர்ந்து, குடும்பம் தழைக்க வேண்டும், ஊர் செழிக்க வேண்டும், பருவமழை பொய்யாது பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கின்றார். இந்நன்னாளில், சமுதாயம் பெண்ணை எவ்வாறு நோக்கிற்று, எவ்வாறு மதிப்பிட்டது என்பது பற்றிப் பேசுமாறு திருக்கோயில் நிர்வாகத்தார் பணித்தனர். பொருளோ கடல் போன்றது. ஒரு மாலைப் பொழுதிற்குள் கடலை நீந்துதல் இயலாது. ஆதலின் அதன் ஒரு துறையில் மட்டும் இறங்கி நீராடுவோம். மங்கலம் என்னும் சொல்லே அத்துறை.

மங்கல இசை என்கின்றோம். மங்கல விளக்கு என்கின்றோம். மங்கல நாண் என்கின்றோம். நன்மையும் நிறைவும் ஒளியும் கூடிய நிலைக்கு மங்கலம் என்று பெயர். ஆயினும் இச்சொல்லைப் பெண்ணோடு சேர்க்கும்போது இதற்கு ஒரு புதிய பொருள் வந்து ஒட்டிக்கொள்கின்றது. கணவன் உயிரோடிருப்பவள் மங்கலம் உடையவள் என்றும், கணவனை இழந்தவள் மங்கலம் இழந்தவள் என்றும் உலகம் பேசுகின்றது. அவள் கற்ற கல்வி இக்கணக்கில் சேர்வதில்லை. வளர்த்து ஆளாக்கிய மக்கள் சேர்வதில்லை. நாள்தவறாது செய்த பூசையும் சேர்வதில்லை. நேற்று வரை முன்வரிசையில் நின்ற தாய் இன்று தூணுக்குப் பின்னே நிற்கின்றாள். இடையில் அவள் செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. அவளுக்கு ஒரு பேரிழப்பு நேர்ந்தது, அவ்வளவே. இழப்பையே குற்றமாக்கி இழந்தவளையே தண்டிக்கும் இம்மதிப்பீடு நம் சான்றோர் வகுத்ததுதானா? சைவம் இதனை ஏற்கின்றதா? இவ்விரு வினாக்களுக்கும் நம் நூல்களுள்ளும் திருக்கோயில் கல்வெட்டுகளுள்ளும் விடை தேடுவோம்.

வள்ளுவர் தரும் விளக்கம்

முதலில் தெய்வப்புலவரிடம் செல்வோம். வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தின் பத்தாவது பாட்டில் அவர் மங்கலம் இன்னது என்று வரையறுத்துக் கூறுகின்றார். மனைவாழ்வின் மாட்சியே மங்கலம். நன்மக்களைப் பெறுதலே அதற்கு அணிகலம் என்பது அப்பாட்டின் கருத்து. மனைமாட்சி என்பதற்குப் பரிமேலழகர் மனையாளின் நற்குண நற்செய்கைகள் என்று பொருள் காண்கின்றார். நற்குணம் ஒருவரின் நெஞ்சில் இருப்பது. நற்செய்கை ஒருவரின் கையில் இருப்பது. இவ்விரண்டையும் கூற்றுவன் கொண்டு போக இயலாது. கணவன் மறைந்தவுடன் ஒரு பெண்ணின் நற்குணம் அவளைவிட்டு நீங்கிவிடுமா? அவள் செய்த அறங்கள் அழிந்துவிடுமா? வள்ளுவர் சொன்ன மங்கலம் இவையேயாயின், அதனை இழந்தவள் என்று அவளைச் சொல்ல நமக்கு இடமில்லை.

இரு பாடல்கள், இரு துயரங்கள்

பழந்தமிழ்ச் சமுதாயத்தில் கைம்மை நோன்பின் கடுமை இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, மறைப்பதற்கில்லை. தொல்காப்பியர் காஞ்சித் திணையின் துறைகளுள் தபுதார நிலை, தாபத நிலை என்னும் இரண்டைக் கூறுகின்றார். மனைவியை இழந்த கணவனின் நிலை தபுதாரம். கணவனை இழந்த மனைவி நோன்பிருக்கும் நிலை தாபதம். இரண்டு துயரங்களையும் அவர் ஒருங்கே வைத்துக் கூறியது போற்றத்தக்கது. ஆயினும் பெயர்களை உற்று நோக்குக. தாரத்தை இழந்தான் என்பதோடு ஆடவனின் பெயர் நின்றுவிடுகின்றது. பெண்ணின் பெயரோ, இழப்பிற்குப்பின் அவள் மேற்கொள்ள வேண்டிய தவத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றது.

புறநானூற்றில் 245ஆம் பாட்டும் 246ஆம் பாட்டும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முன்னது சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவி இறந்தபோது பாடியது. ஈமத்தீயில் அவளைக் கிடத்திய பின்னரும் தன் உயிர் போகவில்லையே என்று அம்மன்னன் நொந்து புலம்புகின்றான். படிப்போர் கண்கள் நனையும். பின்னது பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. அவர் தீப்பாய முனைந்தபோது சான்றோர் தடுத்தனர். அவர்களை நோக்கி அவர் தமக்கு விதிக்கப்பட்டிருக்கும் வாழ்வை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். நெய் தீண்டாத சோறு, எள்ளுத் துவையல், வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. இவற்றை ஏற்று வாழ்வார் வாழட்டும், எனக்குத் தாமரைக் குளமும் தீயும் ஒன்றே என்கின்றார்.

இப்பாட்டைக் கற்பின் மேன்மைக்குச் சான்றாகவே நாம் பாடம் சொல்லி வந்திருக்கின்றோம். அப்பொருள் இருக்கவே செய்கின்றது. அதனோடு மற்றொரு பொருளும் இருக்கின்றது. பேரரசன் ஒருவனின் தேவியே, எஞ்சிய வாழ்நாளின் உணவையும் படுக்கையையும் எண்ணிப் பார்த்துத் தீயே மேல் என்று சொல்லும்படி அவ்வாழ்வு இருந்தது. தடுத்த சான்றோர் நல்லவர்களே. ஆனால் சாகாதே என்று சொல்லத் தெரிந்த அவர்களுக்கு, உனக்கு நெய்ச்சோறு உண்டு, பாயும் உண்டு, அவையில் இடமும் உண்டு என்று சொல்லத் தெரியவில்லை. முந்தைய பாட்டில் அழுத சேரமானுக்கு எவரும் வேளைக்கீரை விதிக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்க. துயரம் இருவர்க்கும் ஒன்றே. உலகம் இட்ட கட்டளை மட்டும் வேறு.

திருநீறு அளித்த திருக்கரம்

இனிப் பெரியபுராணத்திற்கு வருவோம். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாகத் தோன்றியவர் திலகவதியார். அவர்க்கு இளையவர் மருள்நீக்கியார். பருவம் வந்தபோது, கலிப்பகையார் என்னும் படைத்தலைவர் திலகவதியாரை மணம் பேசினார், பெற்றோரும் இசைந்தனர். மணநாள் வருமுன்னே அரசன் ஆணையால் கலிப்பகையார் வடபுலப் போருக்குச் சென்றார். அவர் போர்க்களத்தில் இருக்கும்போது இங்கே தந்தையார் நோயுற்று மறைந்தார். தாயார் உடன் உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன் கலிப்பகையாரும் போரில் மாண்டார் என்ற செய்தி வந்தது.

இச்செய்தி நம் தெருவில் வந்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தந்தையை விழுங்கினாள், தாயை விழுங்கினாள், தாலி கட்ட இருந்தவனையும் விழுங்கினாள் என்று வாய் கூசாது சொல்லும் மக்கள் இன்றும் உளர். சேக்கிழார் பெருமான் அத்தகைய சொல் ஒன்றையேனும் தம் காப்பியத்தில் இடம்பெற விடவில்லை. திலகவதியார் உயிர்விடத் துணிந்தபோது தம்பியார் அடிகளில் வீழ்ந்து, நீங்களும் போய்விட்டால் நானும் உமக்கு முன்னே உயிர் விடுவேன் என்று கதறினார். தம்பி வாழ வேண்டும் என்னும் கருணையால் அந்த அம்மையார் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார். மங்கல நாணைப் பூணவில்லை. உயிர்கள் அனைத்தின்மேலும் வைத்த இரக்கத்தையே அணியாகப் பூண்டு மனையிலிருந்தே தவம் செய்தார் என்பது சேக்கிழார் காட்டும் சித்திரம்.

பின்னர் நிகழ்ந்தது நீங்கள் அறிந்ததே. தம்பியார் சமணம் சார்ந்து தருமசேனர் ஆனார். தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, விடியுமுன் எழுந்து திருக்கோயிலைப் பெருக்கி, மெழுகி, மலர் தொடுத்து, தம்பியை மீட்டருள்க என்று இறைவனிடம் விண்ணப்பித்து வந்தார். சூலைநோய் பற்றிய தம்பியார் மருந்தும் மந்திரமும் பயனற்றுப் போகவே, ஓர் இரவில் தமக்கையாரின் மடத்து வாயிலை அடைந்து அடிகளில் வீழ்ந்தார். அம்மையார் திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றைத் தம் கையால் அளித்தார். அதனை அணிந்துகொண்ட தம்பியாரை, திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் ஏந்திய தமக்கையார் திருப்பள்ளியெழுச்சிக் காலத்தில் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அங்கே பிறந்ததுதான் திருவதிகைப் பதிகம். அங்கே தோன்றியவர்தாம் நம் நாவுக்கரசர்.

அன்பர்களே, இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். நாவுக்கரசர் பெருமானுக்குத் திருநீறு அளித்த கை எது? மணக்கோலம் காணாத கை. வாழ்விழந்தவள் என்று உலகம் ஒதுக்கும் ஒரு பெண்ணின் கை. நம் வீட்டில் ஒரு நற்செயல் தொடங்கும்போது, எதிரே கைம்பெண் வந்தால் திரும்பிவந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகின்றோம். சைவத் திருமுறையின் நான்காம் ஐந்தாம் ஆறாம் திருமுறைகள் தொடங்கும் அந்நல்வேளையில், அப்பர் பெருமான் கண்ட முதல் முகம் திலகவதியாரின் முகமே. அந்த முகம் அமங்கலமாயின், தேவாரத்தில் மங்கலம் ஏது?

இறைவன் அம்மை என அழைத்தவர்

காரைக்கால் அம்மையார் வரலாறும் இக்கருத்தையே வேறொரு வகையில் உணர்த்துகின்றது. நாகையில் பிறந்து காரைக்காலில் வாணிகம் செய்த பரமதத்தன், இறையருளால் வந்த மாங்கனியின் அற்புதம் கண்டு அஞ்சி, மனைவியாகிய புனிதவதியாரை விட்டுக் கலமேறிச் சென்றான். பாண்டி நாட்டு ஊரொன்றில் மறுமணம் புரிந்து மகளும் பெற்றான். புனிதவதியார் கணவன் இருந்தும் இல்லாதவர் ஆனார். சுற்றத்தார் அவரை அழைத்துச் சென்று கணவன்முன் நிறுத்தியபோது, அவன் புதிய மனைவியோடும் மகளோடும் அவர் காலில் வீழ்ந்து, இவர் நம் தெய்வம் என்றான்.

கணவனோடு வாழ்தலே பெண்ணின் மதிப்பு என்றால், அந்நொடியில் அம்மையாரின் மதிப்பு முழுவதும் அழிந்திருக்க வேண்டும். அவரோ கணவனுக்காகத் தாங்கிய உடலழகை உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றார். கண்டவர் அஞ்சி ஓடினர். கயிலையில் தலையால் நடந்து சென்றவரை உமையம்மை வியந்து வினவ, இவர் நம்மைப் பேணும் அம்மை என்றான் இறைவன். தாய் தந்தை இல்லாத தனிமுதலாகிய அவனே அவரை அம்மை என்று வாயார அழைத்தான். உலகம் பேய் என்று கண்டதை இறைவன் தாய் என்று கண்டான். இன்றும் திருக்கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க, அம்மையார் அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. மாங்கனிகளை வாரி இறைக்க, அதனைப் பிரசாதமாகப் பெற மக்கள் கைநீட்டுகின்றனர். கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் பெயரால் வரும் கனி அது என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

செம்பியன் மாதேவியார்

புராணத்திலிருந்து வரலாற்றிற்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் சோழ நாட்டை ஆண்ட கண்டராதித்த சோழர், தில்லைப் பெருமான்மீது திருவிசைப்பா பாடிய அருட்செல்வர். அவர் பாட்டு ஒன்பதாம் திருமுறையில் உள்ளது. அவருடைய தேவியார் செம்பியன் மாதேவியார். கணவர் மறைந்தபோது மகன் உத்தம சோழர் சிறுவர். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், முதலாம் இராசராசர் காலம் வரை அவ்வம்மையார் வாழ்ந்தார்.

அந்நாற்பது ஆண்டுகளையும் அவர் எவ்வாறு கழித்தார்? இருண்ட அறையில் முடங்கிக் கிடந்தாரல்லர். செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தார். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம், விருத்தாசலம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை முதலிய தலங்கள் அவர் திருப்பணியால் சிறப்புற்றன. திருநல்லத்தில் தம் கணவர் சிவலிங்கத்தை வழிபடுவதாகச் சிற்பம் அமைத்து, அவர் பெயரால் அக்கோயிலை எடுப்பித்த செய்தியையும் கல்லில் பொறித்துவைத்தார். திருக்கோடிகாவலில் பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுத்தபோது, முன்னோர் செய்த அறக்கொடைகள் மறைந்து போகாவண்ணம் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டச் செய்தார். பிறர் செய்த அறமும் அழியலாகாது என்று காத்த பெருந்தகைமையை என்னென்பது!

இன்னொரு செய்தி நம் இல்லங்களில் எல்லாம் சொல்லத்தக்கது. அவ்வம்மையார் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில் கயிலாசநாதர் திருக்கோயில் உள்ளது. அம்மையார் பிறந்த நாள்மீனில் அங்கே சிறப்பு வழிபாடு நடத்த அறக்கொடை அளித்தவர்கள் உத்தம சோழரின் தேவியர், அதாவது அம்மையாரின் மருமகள்மார். கணவரை இழந்த மாமியாரின் பிறந்தநாளை மருமகள்மார் கோயிலில் விழாவாகக் கொண்டாடிய குலம் அது. அவ்வம்மையார் முகத்தில் விழிப்பதை அவர்கள் அமங்கலமாகக் கருதியிருந்தால் அக்கல்வெட்டு தோன்றியிருக்குமா?

அதே குடும்பத்தில், சுந்தர சோழரின் தேவியாகிய வானவன் மாதேவியார் கணவரோடு தீப்புகுந்தார். பால் மறவாத குழவியையும் விட்டுச் சென்றார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகின்றது. அவர் அன்பின் ஆழத்தை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அக்குழவியின் அழுகை நம் செவியில் ஒலிக்காமலும் இல்லை. ஒருவர் தீயில் மறைந்தார். மற்றொருவர் வாழ்ந்திருந்து நாடெங்கும் கற்றளிகளை எழுப்பினார். செம்பியன் மாதேவியாரும் அன்று தீப்புகுந்திருந்தால் நாம் இழந்திருக்கும் கோயில்கள் எத்தனை!

வள்ளலார் வகுத்த ஒரே அளவு

இவ்வளவு உயர்ந்த முன்மாதிரிகள் இருந்தும், காலப்போக்கில் கைம்பெண்ணின் நிலை தாழ்ந்துகொண்டே வந்தது. பால்மணம் மாறாத சிறுமியர்க்கு மணம் முடித்தமையால், கணவன் முகமே அறியாத குழந்தைகளும் கைம்மை பூண்டனர். உடன்கட்டை ஏறுதல் 1829ஆம் ஆண்டில் வங்காளத்திலும், மறு ஆண்டு சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கைம்பெண் மறுமணத்தை ஏற்கும் சட்டம் 1856இல் வந்தது. சட்டம் உயிரைக் காத்தது. மதிப்பைக் காக்க மனமாற்றம் வேண்டியிருந்தது.

அம்மனமாற்றத்தைச் சமய நெறியில் நின்றே வேண்டியவர் திருவருட்பிரகாச வள்ளலார். 1871ஆம் ஆண்டில் தம் அன்பர்களுக்கு விடுத்த அறிவிப்பில், கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டா என்று எழுதினார். அத்துடன் நிற்கவில்லை. மனைவி இறந்தால் கணவன் வேறு திருமணம் செய்துகொள்ள வேண்டா என்றும் எழுதினார். அவருடைய நேர்மையைப் பாருங்கள். இருபாலர்க்கும் அவர் எடுத்த கோல் ஒன்றே.

சென்னையில் சிறுமியாகவே மணம் முடிக்கப்பெற்று, சிறுமியாகவே கணவனை இழந்தவர் சுப்புலட்சுமி அம்மையார். அவருடைய தந்தையார் மகளை மூலையில் அமர்த்தாமல் படிக்கவைத்தார். 1911இல் அம்மையார் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே தம்மையொத்த இளங்கைம்பெண்கள் தங்கிக் கற்பதற்கு வழிவகுத்தார். அவ்வில்லம் பின்னர்ச் சென்னைக் கடற்கரையில், இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடைபெற்றது. உலகம் அமங்கலம் என்று ஒதுக்கிய பெண்கள் அங்கே ஆசிரியைகளாக உருவாயினர். மக்கள் அவரைச் சகோதரி சுப்புலட்சுமி என்று அன்போடு அழைத்தனர். 1958இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது.

இன்றைய நிலை

இவையெல்லாம் பழங்கதை, இன்று யார் இவ்வாறு பார்க்கின்றார் என்று சிலர் சொல்வர். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் மராட்டிய மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் என்னும் ஊராட்சி, கணவன் இறந்தவுடன் பெண்ணின் வளையலை உடைத்தல், குங்குமத்தை அழித்தல் ஆகிய சடங்குகளைக் கைவிடுவதெனத் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் வேண்டியிருந்தது என்றால் வழக்கம் உயிரோடு இருந்தது என்பதே பொருள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண், கைம்பெண் என்பதற்காகத் தம்மைக் கோயில் திருவிழாவில் நுழையவிடாது தடுக்கின்றனர் என்று சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். அவருடைய கணவர் அதே கோயிலில் பூசை செய்தவர். பெண்ணுக்குத் தனக்கென ஒரு மதிப்பு உண்டு, மணநிலையைக் கொண்டு அதனைக் குறைக்க இயலாது என்னும் கருத்தினைக் கூறி, அவரைத் தடுக்கலாகாது என நீதிமன்றம் ஆணையிட்டது. திலகவதியார் திருவலகு ஏந்திய நாட்டில், இறைவனைக் காண ஒரு தாய் நீதிமன்றப் படி ஏற நேர்ந்தது.

யான் தமிழாசிரியனாகப் பணிபுரிந்த நாளில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய தாயார் இளமையிலேயே கணவரை இழந்து, விடியற்காலையில் இட்டலி அவித்து விற்று மகனைப் பொறியியல் படிக்கவைத்தவர். மங்கல நாணைத் தட்டில் வைத்துப் பெரியோர்களிடம் வாழ்த்துப்பெற எடுத்துச் செல்லும் வேளை வந்தது. தாயாரை அங்கே காணவில்லை. உறவினப் பெண்மணி ஒருவர், இப்போது நீ முன்னே வராதே என்று முன்னரே சொல்லிவைத்திருந்தார். உக்கிராண அறையின் வாயிலில் முந்தானையைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார் அந்தத் தாய். மணமகன் மணையில் அமர்ந்தபடியே, தட்டு முதலில் அம்மாவிடம் போகட்டும் என்றார். சற்று நேரம் எவரும் அசையவில்லை. பின்னர் மணமகளின் பாட்டனார் எழுந்து, தாமே தட்டை எடுத்துச் சென்று அவ்வம்மையார் முன் நீட்டினார். நடுங்கும் விரல்களால் அவர் அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நாதசுரம் ஒலித்தது, மணம் இனிதே நிறைவேறியது. பெற்ற தாயின் வாழ்த்தைவிடப் பெரிய மங்கலம் ஒரு மகனுக்கு எங்கிருந்து வரும்?

நாங்களா தடுக்கின்றோம், அவர்களே அல்லவா ஒதுங்கிப் போகின்றனர் என்று சிலர் சொல்வர். ஏன் ஒதுங்குகின்றனர்? யாரேனும் ஏதேனும் சொல்லிவிடுவரோ என்னும் அச்சத்தால் ஒதுங்குகின்றனர். பலமுறை ஒரு சொல்லால் சுடப்பட்டவர், மறுமுறை அச்சொல் வருமுன்னே விலகிக்கொள்கின்றார். அதனை விருப்பம் என்று சொல்லுதல் தகாது. கணவரை நினைந்து ஒரு தாய் தானே எளிய கோலம் பூண்டு நோன்பிருந்தால், அந்நோன்பை வணங்குவோம். ஊரார் கூடி ஒருவர்மேல் சுமத்தினால் அது நோன்பாகாது, தண்டனையாகும். அத்தண்டனையை அளிப்பவர் பலவேளைகளில் பெண்களாகவே இருக்கின்றனர் என்பதையும் தாய்மார்கள் சினவாது எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்று வேண்டுகோள்கள்

இம்மன்றில் அடியேன் முன்வைக்கும் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, சொல்லைத் திருத்துவோம். மனைவியை இழந்தவனை வைவதற்கு நம் தெருவில் சொல்லில்லை. கணவனை இழந்தவளை வைவதற்கோ எத்தனை சொற்கள்! அவற்றை இம்மேடையில் சொல்ல என் நா கூசுகின்றது. சினத்திலும் அச்சொற்களை எடுப்பதில்லை என்று இன்று உறுதி கொள்வோம். குழந்தைகள் நம் வாயிலிருந்தே அவற்றைக் கற்கின்றனர்.

இரண்டாவது, இல்லத்து நற்செயல்களில் வாழ்த்துப் பெறும் வரிசையைத் திருத்துவோம். பெற்றுப் பேணி வளர்த்தவர் எவரோ அவர் கை முதலில் தொடட்டும். கணவர் இருக்கின்றாரா என்று கேட்டபின் வாழ்த்தைப் பெறுவது, வாழ்த்துவார் நெஞ்சைப் புண்படுத்துவதாகும். புண்பட்ட நெஞ்சிலிருந்து வாழ்த்து எவ்வாறு பிறக்கும்?

மூன்றாவது, இத்திருவிளக்கு வழிபாட்டைப் பற்றியது. இம்மண்டபத்தின் ஓரத்தில், விளக்கில்லாமல், கூப்பிய கைகளோடு நிற்கும் தாய்மார் சிலரை இங்கிருந்தே காண்கின்றேன். அடுத்த திங்களில் அவர்கள் முன்னும் ஒரு விளக்கு எரிய வேண்டும். அவர்களை நீங்கள் கைப்பற்றி அழைத்துவந்து உங்கள் அருகில் அமர்த்த வேண்டும். எண்ணெயும் திரியும் தீயும் ஏற்றுபவரின் மணநிலையைக் கேட்டு எரிவதில்லை. திருவதிகையில் அந்த அம்மையார் விடியுமுன் பெருக்கிய முற்றத்தை இறைவன் ஏற்றுக்கொண்டான். இம்மண்டபத்தில் இந்தத் தாய்மார் ஏற்றும் விளக்கையும் அவன் ஏற்றுக்கொள்வான் என்பதில் ஐயமில்லை. அவன் திருமுன் ஏற்கும் விளக்கை நாம் தடுப்பது எந்த முறை?

மங்கலம் எனப்படுவது யாது என்னும் வினாவோடு தொடங்கினோம். உயிர்களுக்கு இரங்கும் நெஞ்சும், அறம் செய்யும் கையும், இறைவனை மறவாத நினைவும் எங்குண்டோ அங்கு மங்கலம் உண்டு. அது பிறர் இறப்பால் போவதன்று.

 திலகவதியார் திருவடியும், காரைக்கால் அம்மையார் திருவடியும் நம் இல்லங்களைக் காத்தருள்க. எல்லாத் தாய்மாரும் எல்லா நலமும் பெற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்.